டிபிஎஃப் விளக்கு எரிந்தால் ஃபில்டருக்குப் பணம் கட்டும் முன் பிரஷர் சென்சாரின் இரண்டு ஹோஸைப் பாருங்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து, கையில் இருந்த காசுக்குப் பழைய டீசல் கார் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஊரில் நாம் ஓட்டிய டீசல் வண்டிகளில் பெரும்பாலும் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், கிடையாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகுதான் அங்கே அது பரவலானது. இங்கே 2011க்குப் பிறகு விற்ற டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. அதனால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததும் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. "ஃபில்டர் போச்சு, மாத்தணும்" என்றால் தலையாட்டிவிடுகிறோம். ஆயிரம் பவுண்டைத் தாண்டக்கூடிய வேலை அது.

எனக்கும் முதல் குளிர்காலத்தில் இதே நிலைமைதான். ஒரு கராஜில் புது ஃபில்டருக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. ஸ்கேனரில் என்ன கோட் (கோளாறைச் சொல்லும் எண்) வந்தது என்று கேட்டேன். பி2453 என்றார்கள்.

இந்த எண்தான் முக்கியம். பி2463 என்றால் ஃபில்டரில் கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டதாகக் கார் கணக்குப் போட்டிருக்கிறது. பி2452 முதல் பி2455 வரை எது வந்தாலும் பிரஷர் சென்சாரிலிருந்து வரும் தகவலே சரியில்லை என்று அர்த்தம். அதற்காகச் சென்சாரை உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். சென்சார், அதற்குப் போகும் ஹோஸ், ஒயர், பிளக் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கோட்.

சென்சார் செய்யும் வேலை எளிமையானது. ஃபில்டருக்கு முன்னால் ஒரு ஹோஸ், பின்னால் ஒரு ஹோஸ். இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அது சொல்கிறது. கரி சேரச் சேர வித்தியாசம் கூடும். சில கார்களில் ஒரே ஹோஸ்தான் இருக்கும், அது வெளிக்காற்றோடு ஒப்பிடும். இந்த அழுத்த எண்ணையும் வைத்துத்தான் கார் எப்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கலாம் என்று முடிவு செய்கிறது. எண் தப்பானால் தேவையில்லாமல் எரிக்கும், அல்லது எரிக்கவே மறுத்துவிடும்.

சோதிக்க, காரின் கணினித் தகவலைப் படித்து, புளூடூத்தில் போனோடு இணையும் சின்ன ஓபிடி ரீடர் போதும், ஆனால் உங்கள் காரின் டிபிஎஃப் அழுத்தத்தைக் காட்டும் ஆப்பாக இருக்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். புகையே போகவில்லை, எனவே சுழியம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு மில்லிபார் (அழுத்தத்தின் அளவு) இருந்தால் பரவாயில்லை. 20, 30 என்று நின்றால் சென்சார் அல்லது ஒயரில் கோளாறு, ஃபில்டர் மேல் பழி போடாதீர்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் 2500 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றுங்கள். எண் கூடவே ஏறி, காலை எடுத்ததும் இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் ஹோஸ் அடைத்திருக்கலாம், அல்லது கிழிந்திருக்கலாம். ஐடிலிலேயே அதிகமாக இருந்து, ஏற்றும்போது நூறு மில்லிபாரைத் தாண்டிப் போனால் அப்போதுதான் ஃபில்டர் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

என் காரில் சாவி ஆன் செய்தபோது சுழியம். ஆர்பிஎம் ஏற்றினாலும் ஒன்று, இரண்டு, அவ்வளவுதான். இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்து ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மேலே பார்த்தால் புதுசு போலிருந்தது. இரும்புக் குழாயில் செருகும் இடத்தில், அடிப்பக்கம், விரல் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. விரலில் கறுப்பாகக் கரி ஒட்டியது. ஃபில்டருக்கு முன்பக்க அழுத்தம் முழுக்க அந்த வழியாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஹோஸை மாற்றும்போது அந்தக் காருக்கென்று வரும் ஹோஸையே வாங்குங்கள். கிடைத்த ரப்பர் குழாய் அந்தச் சூட்டிலும் அமில ஈரத்திலும் தாங்காது. கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முன்பின் மாறினால் அளவு தலைகீழாகிவிடும். இரும்புக் குழாயின் வாய் கரியால் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யலாம். காற்று அடித்து ஊதுவதென்றால் சென்சாரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும்.

ஹோஸ் நன்றாக இருந்தால் பிளக்கைப் பாருங்கள். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, பின்களில் பச்சையாகப் பூத்திருக்கும். பெரும்பாலான கார்களில் மூன்று ஒயர்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். அழுத்தம் இல்லாதபோது சிக்னல் பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்குள் இருக்கும். 5 வோல்ட்டே வரவில்லை என்றால் புது சென்சார் போட்டும் பயனில்லை.

சென்சாரை மாற்றினால் பல கார்களில் ஸ்கேனர் வழியாகப் பழைய கணக்கை அழித்துப் புதிதாகச் சுழியம் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் "புதுசு போட்டும் லைட் போகலை" என்று பலர் வருகிறார்கள். மாற்றித் தரும் கராஜில் இதைச் செய்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "ஃபில்டர் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம், செலவு குறைவு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காரை ரோட்டில் ஓட்டுவது சட்டவிரோதம், 1000 பவுண்டு வரை அபராதம் உண்டு. 2014 பிப்ரவரியிலிருந்து எம்ஓடியில் (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) ஃபில்டர் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இன்ஜின் விளக்கு எரிந்தாலே எம்ஓடி தேறாது, அதனால் சோதனைத் தேதிக்கு முந்தைய நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் கார் வாங்காதவர்கள் அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டு எம்ஓடி வரலாற்றை இலவசமாகப் பாருங்கள். புகை, இன்ஜின் விளக்கு என்று பழைய தோல்விகள் இருந்தால் சாவியைக் கேட்டு, இந்தச் சுழியச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது.