கூலன்ட் பழுப்பாகிறது, அளவும் குறைகிறது: எதை முதலில் கவனிப்பது?

நெடும்பாதை (கேள்வி)

வணக்கம். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பெட்ரோல் காரை வாங்கி ஓட்டி வருகிறேன். வாங்கியபோது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் இளஞ்சிவப்பு நிறத்தில் தெளிவாக இருந்த திரவம், ஒரு பட்டறையில் பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்றி அளவைச் சரிசெய்த பிறகு, மெல்ல மெல்லப் பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்கிறது. எந்த வகை ஊற்றப்பட்டது என்று கேட்டதற்கு, எல்லாக் கூலன்ட்டும் ஒன்றுதான் என்ற பதிலே கிடைத்தது.

வெப்பநிலை முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. எஞ்சின் சூடேறியதாக எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் டேங்கில் அளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. வண்டிக்கு அடியில் ஈரம் எதையும் காணவில்லை.

நிறம் மாறினாலே கூலன்ட் கெட்டுவிட்டது என்று கொள்ளலாமா? கடையில் வாங்கும் கூலன்ட் தரமானதா, சாயம் கலந்த தண்ணீரா என்பதை வீட்டிலேயே அறிய வழி உண்டா? மாற்றுவதானால், கலந்தே விற்கப்படுவதை வாங்குவதா, அடர்திரவத்தை வாங்கித் தண்ணீர் சேர்ப்பதா? குடிப்பதற்காகச் சுத்திகரித்த நீரைச் சேர்க்கலாமா?

அரிமானம் (மறுமொழி)

நிறத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூலன்ட்டின் நிறம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்தான். எந்த நிறம் எந்த வகையைக் குறிக்கும் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்தாலே பழுப்பாகத் தோன்றலாம். ஆகவே டேங்கிலிருந்து, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, சிறிது திரவத்தைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் செம்மண் போன்ற வண்டல் படிந்தால் அது துரு. மேலே படலமாக மிதந்தால் எண்ணெய். அப்படியானால் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஆயில் கூலரையும் (எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் பாகம்) ஹெட் கேஸ்கெட்டையும் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) பார்க்க வேண்டும். பழுப்பாக இருந்தும் தெளிவாக, வண்டல் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் சாயக் கலப்புதான்.

அதற்காக "எல்லாம் ஒன்றுதான்" என்ற பதிலை நான் ஏற்கவில்லை. அடிப்படைத் திரவம் பெரும்பாலானவற்றில் எத்திலீன் கிளைகால்தான். வேறுபாடு அதிலுள்ள அரிமானத் தடுப்பான்களில், அதாவது உலோகம் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருட்களில், இருக்கிறது. பழைய வகைகளில் உள்ள சிலிகேட், உலோகப் பரப்பு முழுவதிலும் விரைவாக ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். ஆனால் விரைவாகத் தீர்ந்தும் போகும் என்பதால் அவற்றுக்குப் பொதுவாக 2 ஆண்டுகளே ஆயுள். கரிம அமிலங்களைக் கொண்ட ஓஏடி வகைகள் அரிமானம் தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத் தேய்ந்து, 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ தாங்குகின்றன. இரண்டையும் சேர்த்த கலப்பு வகைகளும் உண்டு. ஒன்றோடொன்று கலக்கும்போது உடனே விபரீதம் நேர்வது அரிது. சில சேர்க்கைகளில் கூழ் போன்ற படிவு உண்டாகி ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். அப்படி ஆகாவிட்டாலும் இரு தடுப்பான்களும் நீர்த்துப்போவதால், நீண்ட ஆயுள் கொண்ட கூலன்ட்டுக்கு அந்த ஆயுளை இனி நம்ப முடியாது. உங்கள் வண்டியில் என்ன கலந்தது என்றே தெரியாத நிலையில், முழுவதையும் வடித்துவிட்டு வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட வகையை ஊற்றுவதே சரி.

தரத்தைச் சோதிக்க ரிஃப்ராக்டோமீட்டர் உதவும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். அது ஒளிவிலகலைக் கொண்டு கிளைகாலின் விகிதத்தை மட்டும் காட்டும். சாயத் தண்ணீரும் மெத்தனால் கலந்த போலியும் அதில் ஏறத்தாழ வெறும் தண்ணீரைப் போலவே காட்டிவிடும். மெத்தனால் 65 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே கொதிப்பது என்பதால் அது எஞ்சினுக்குள் போகவே கூடாது. ஆனால் மலிவுக்காகக் கிளிசரின் கலந்திருந்தால் இந்தக் கருவி ஏமாந்துவிடும். தடுப்பான்கள் மிச்சமிருக்கின்றனவா என்பதையும் அது சொல்லாது. அதற்குக் கூலன்ட்டுக்கென விற்கும் சோதனைத் தாள்கள் இருக்கின்றன. நாள்பட்ட கிளைகால் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலங்களாக மாறுவதால் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) இறங்கும். 7-க்குக் கீழே போய்விட்டால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மாற்றியாக வேண்டும். வாங்கும்போது புட்டியில் ஏஎஸ்டிஎம் டி3306, ஜேஐஎஸ் கே2234 போன்ற தர எண்ணும், தயாரிப்புத் தேதியும், எந்த வகைத் தடுப்பான் என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "எல்லா வண்டிகளுக்கும் ஏற்றது" என்ற வாசகம் மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

தண்ணீரைப் பொறுத்தவரை காய்ச்சி வடித்த நீரோ அயனி நீக்கிய நீரோ மட்டுமே. குடிநீருக்கான சுத்திகரிப்புக் கருவிகள் பல, சுவைக்காகத் தாது உப்புகளை வேண்டுமென்றே விட்டுவைக்கின்றன. கொதிக்கவைத்து ஆறிய நீரில் கிருமிகள் சாகும், குளோரைடு அப்படியே இருக்கும். அது அலுமினியத்தில் ஊசித் துளைகளை உண்டாக்கும். கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட் தடுப்பான்களோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகும்.

பட்டறைக்குறிப்பு (மறுமொழி)

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் எனக்கு இந்தக் கேள்வியில் முதன்மையாகப் படுவது அளவு குறைவதுதான். கசிவு தொடரும்வரை எவ்வளவு தரமான கூலன்ட்டும் வீண்.

முள் நடுவில் நிற்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். இன்றைய வண்டிகள் பலவற்றில், ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி வரை என்ன மாறினாலும் முள் அசையாதபடியே வடிவமைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்குக் கூலன்ட் மிகக் குறைந்து சென்சாரைச் சுற்றிக் காற்று சூழ்ந்துவிட்டால், எஞ்சின் கொதிக்கும்போதே முள் கீழே இறங்கவும் கூடும்.

யாரும் கவனிக்காத பாகம், ரேடியேட்டரிலோ கூலன்ட் டேங்கிலோ உள்ள அழுத்த மூடி. கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் கிளைகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்த 50:50 கலவை 107 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். அதாவது தண்ணீரைவிட ஏழு டிகிரிதான் கூடுதல். மூடி தரும் ஒரு பார் அழுத்தமோ கொதிநிலையை ஏறத்தாழ 130 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி ஆவியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தரையில் ஒரு சொட்டும் விழாது. முதலில் மூடியைச் சோதியுங்கள், ஐயமிருந்தால் அதே அழுத்த எண் உள்ள புதியதை மாற்றுங்கள்.

அடுத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கைப்பம்பு கொண்ட அழுத்தச் சோதனைக் கருவியால், மூடியில் குறித்த அழுத்தம் வரை ஏற்றிக் கால் மணி நேரம் விடச் சொல்லுங்கள். அழுத்தம் இறங்கினால் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் விளிம்பு ஆகியவற்றில் உலர்ந்த சாயக் கறையைத் தேட வேண்டும். முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டமும் உள்ளே இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடான காற்றைத் தரும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது. எங்கும் தடயமே இல்லாவிட்டால், டேங்கின் வாயில், எரிந்த வாயுவைக் கண்டறியும் சோதனைத் திரவத்தை வைத்துப் பார்க்கலாம். அந்த நீலத் திரவம் பெட்ரோல் எஞ்சினில் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

கசிவை அடைப்பதாகச் சொல்லும் பொடிகளை ஊற்ற வேண்டாம். அவை ஓட்டையை அடைக்கும் அதே ஆர்வத்தோடு ஹீட்டர் கோரையும் அடைக்கும்.

நெடும்பாதை

இருவருக்கும் நன்றி. குப்பியில் வண்டலும் இல்லை, எண்ணெயும் இல்லை. அழுத்தச் சோதனையில் வாட்டர் பம்பின் சிறு துளைக்குக் கீழே பச்சை நிறக் கறை தெரிந்தது. சூடான எஞ்சினில் பட்டு உலர்ந்துவிடுவதால்தான் தரைக்கு வரவில்லை என்று விளக்கினார்கள். பம்பை மாற்றும்போதே கூலன்ட்டையும் மாற்றப்போகிறேன். கலந்ததா அடர்திரவமா என்பது மட்டும் பாக்கி.

அரிமானம்

உங்கள் நிலையில் அடர்திரவம். காரணம் இதுதான்: பழையதை வடித்து, காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துத் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து மீண்டும் வடிக்கும்போது, எஞ்சின் பிளாக்கில் கணிசமான நீர் தங்கிவிடும். அதன்மேல் ஏற்கெனவே கலந்த திரவத்தை ஊற்றினால் கிளைகாலின் விகிதம் பாதிக்குக் கீழே போய்விடும். வடியும் நீர் தெளிவாகும்வரை அலசிய பின், கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதியை அடர்திரவமாக முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்; கலக்காத கிளைகால் தண்ணீரைவிட மிகக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும், உறைவதும் மைனஸ் 13 டிகிரியிலேயே, 50:50 கலவையோ மைனஸ் 37 வரை தாங்கும்.

நிரப்பிய பின் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி நின்ற பிறகு மூடச் சொல்லுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் அதே கலவையைச் சேருங்கள். வடித்த பழைய கூலன்ட்டை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பானது என்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மூடியுள்ள கேனில் பெயரெழுதி, கழிவு எண்ணெய் பெறுபவர்கள் அதையும் பெறுகிறார்களா என்று கேட்டு ஒப்படையுங்கள்.