வளாக விடுதியில் தங்கி ஆங்கிலம் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பிரிட்டனில் 30 வார ஆங்கில வகுப்பு, பல்கலைக்கழக வளாகத்திலேயே அறை. விசா பற்றித் தெளிவு இருக்கிறது: 6 மாதத்துக்கு மேல் 11 மாதத்துக்குள் என்றால் குறுகிய காலப் படிப்பு விசா, அதில் வேலை பார்க்க முடியாது, நீட்டிக்கவும் முடியாது. ஆகவே முழுச் செலவும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். குழப்பமெல்லாம் மற்ற விஷயங்களில்தான்.

முதல் நாள் நிலைத் தேர்வு. நம்மவர்கள் இலக்கணத்தில் மதிப்பெண் அள்ளிவிடுவார்கள், வாய் திறந்தால் திக்கும். எழுத்தை நம்பி பி2 (மேல் இடைநிலை) வகுப்பில் போட்டுவிட்டால், பேச்சுக்கு ஒரு படி கீழே உள்ள பி1 கேட்டு மாற முடியுமா? எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

ஒரு நிலை ஏற ஏறக்குறைய 200 மணி நேரம் என்பார்கள். வாரம் 15 மணி என்றால் 450 மணி வரும். கணக்கு சரிதான். ஆனால் ஆறு அறைக்கு ஒரு சமையலறை. அடுப்படியில் நிற்பவர்கள் எல்லாரும் தமிழென்றால் அத்தனையும் வீண். விடுதி விண்ணப்பத்திலேயே வேறு மொழிக்காரர்களோடு அறை கேட்டு வாங்கியவர்கள் உண்டா? எப்படி எழுதினீர்கள்?

இன்னொன்று: அறை ஒப்பந்தம் கல்வியாண்டோடு முடிகிறது, வகுப்போ கோடையிலும் நீள்கிறது. அந்த இடைவெளிக்கு அதே அறையை நீட்டித் தருவார்களா, பெட்டியோடு வேறு கட்டடத்துக்கு மாற வேண்டுமா? போர்வை, தலையணை, சட்டி பானை அறையோடு வருமா என்பதையும் சொன்னால் பெட்டி எடை குறையும்.