குதிரை தெரிந்தவர்கள் இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்து வையுங்களேன்

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து 2004இல் வந்த ‘ஹிடால்கோ’ பார்த்தோம். விகோ மார்டென்சன் ஒரு மஸ்டாங் குதிரையோடு அரேபியப் பாலைவனத்தில் 3000 மைல் பந்தயம் ஓடுகிற படம். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

உண்மைக் கதை என்று விளம்பரம் செய்தார்கள், அப்படி ஒரு பந்தயமே நடக்கவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள், அதனால் படமே மோசடி என்கிறார் மச்சான். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஓமர் ஷெரீப்புக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன்.

சித்தப்பா கதை வேறு. ஒரு காலத்தில் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவர். மணற்புயல், வெட்டுக்கிளி எல்லாவற்றுக்கும் கொட்டாவி விட்டவர், கடைசியில் குதிரையை அவிழ்த்துவிடும் இடத்தில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “லாடம் தேஞ்சா நாலு நாள்ல நொண்டும்டா, 3000 மைலாம்!” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

குதிரை வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒரே நாளில் 160 கிலோமீட்டர் ஓடும் போட்டிகள் உண்டு, சரி. வாரக்கணக்கில், மணலில், ஒரே குதிரையால் முடியுமா? மணலில் லாடம் அவ்வளவு சீக்கிரம் தேயுமா? மச்சானை நான் பார்த்துக்கொள்கிறேன், பதில் சித்தப்பாவுக்குத்தான் வேண்டும்.