ஒரே வரியில் சிக்கிக்கொள்ளும் 1981 இசைத்தட்டு

லண்டன் ராக் குழுவான ‘தி சவுண்ட்’ 1981இல் வெளியிட்ட ‘ஃப்ரம் தி லயன்ஸ் மவுத்’ இசைத்தட்டு, சென்ற மாதம் இங்கே லண்டனில் ஒரு பழைய பொருள் கடையில் எனக்குக் கிடைத்தது. சிங்கங்களின் முன் விவிலியத்தின் தானியேல் நிற்கும் அட்டை ஓவியம்கூட மங்கவில்லை. நியூ வேவ் என்ற ராக் இசைப் பாணி ஓங்கியிருந்த காலத்தில் இவ்வளவு இனிய மெட்டுகள் கொண்ட தொகுப்பை உலகம் எப்படி மறந்ததோ!

ஆனால் இரண்டாம் பக்கத்தின் நான்காம் பாடலான ‘சைலன்ட் ஏர்’ தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில், முள் பின்னோக்கித் தாவி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. தட்டைச் சுழற்றும் கருவி டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, முள்ளின் அழுத்தம் 1.8 கிராம்; மற்ற தட்டுகள் அதில் ஒழுங்காகவே ஓடுகின்றன. கார்பன் தூரிகையால் துடைத்தேன், காய்ச்சி வடித்த நீரால் இருமுறை கழுவினேன், முள் தட்டின் மையம் நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்ட்டி ஸ்கேட்டிங் அளவையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த இடத்தில் கீறல் எதுவும் இல்லை, கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி ஒன்று மட்டும் முள் ஓடும் தடத்தில் இறுகிப்போய் ஒட்டியிருக்கிறது.

தடம் சேதமாகாமல் அதை எப்படி அகற்றுவது?