அளவு மிஞ்சினால்தான் நஞ்சு என்ற விதி மாசுகளுக்குப் போதுமா?

கரைசல்:
"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்ற நம் பழமொழியைத்தான் நஞ்சியலும் தன் அடிப்படை விதியாகக் கொண்டிருக்கிறது. ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவே என்று 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ் எழுதினார். செலினியம் நம் உடலுக்கு நுண்ணிய அளவில் தேவை. அதுவே கூடிப்போனால் முடியும் நகமும் உதிரும். ஆனால் மாசு பற்றிய பேச்சு என்று வந்துவிட்டால் இந்த விதி மறந்துபோகிறது என்பது என் வருத்தம். நீரில் பாதரசம் இருப்பதாக ஆய்வுத்தாள் சொன்ன உடனே, எவ்வளவு என்று பார்க்காமலேயே அந்த நீர் கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்றைய கருவிகள் ஒரு லிட்டரில் ஒரு நானோகிராமைக்கூடக் கண்டறிந்துவிடும். அந்த ஒரு நானோகிராமில் ஏறத்தாழ 3 இலட்சம் கோடிப் பாதரச அணுக்கள் இருக்கின்றன. ஆகவே ஓர் அணுகூட இல்லாத நீர் வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை. ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டு அளவு வகுத்திருப்பதுபோல், ஒவ்வொரு மாசுக்கும் நீரில் ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே இருந்தால் அச்சத்தை விட்டுவிடுவதே முறை என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

ஆழ்நீர்:
கரைசல் அவர்களே, பழமொழியோடு எனக்குப் பிணக்கில்லை. "நீரில் ஒரு வரம்பு" என்று நீங்கள் முடித்ததோடுதான் பிணக்கு. உயிரைக் கெடுப்பது நீரில் இருக்கும் அளவு அன்று, உடலில் சேர்ந்த அளவு. சில பொருள்களில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி மலைக்க வைப்பது.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் சிறு பூச்சிகளை ஒழிப்பதற்காக 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு மிக நெருங்கிய ஒரு சேர்மத்தைக் கலந்தார்கள். கலந்த செறிவு மிக அதிகமாகப் போனாலும் 5 கோடிப் பங்கு நீருக்கு ஏறத்தாழ 1 பங்குதான். ஆனால் அந்த ஏரியில் செத்துக் கிடந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் பத்து இலட்சத்துக்கு 1,600 பங்கு இருந்தது. அதாவது நீரில் இருந்ததைப் போல் 80,000 மடங்கு. உடல் ஒன்றைச் சிறுநீரில் கழிக்க வேண்டுமானால் அது நீரில் கரைய வேண்டும். குளோரின் அணுக்கள் நிறைந்த இச்சேர்மங்கள் நீரில் கரையாமல் கொழுப்பில் கரைகின்றன. நொதிகளுக்கும் எளிதில் உடைபடுவதில்லை. மிதவை உயிரிகளில் சேர்ந்தது சிறுமீனுக்கும், சிறுமீனில் சேர்ந்தது பெருமீனுக்கும், அங்கிருந்து பறவைக்கும் ஏறிக்கொண்டே போகிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். பாதரசத்தின் கரிம வடிவங்களில் ஒன்று மெத்தில் பாதரசம். மனித உடலில் உள்ள மெத்தில் பாதரசத்தில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 50 நாள் ஆகும். நாளொன்றுக்கு ஒரே ஒரு மைக்ரோகிராம் உடலில் சேர்வதாக வைத்துக்கொண்டு, 50ஐ 0.693ஆல் (2இன் இயல் மடக்கை; பாதியாகும் காலத்தை வைத்துப் போடும் கணக்கில் வருவது) வகுத்தால் 72 வரும். ஓராண்டுக்குள் அந்த உடலில் நிலையாகத் தங்கியிருப்பது ஏறத்தாழ 72 மைக்ரோகிராம். ஒரு நாளின் அளவை மட்டும் பார்த்தவருக்கு அந்த 72 கண்ணில் படாது.

கரைசல்:
கணக்கு சரி; ஏற்கிறேன். ஆனால் அது என் விதியை எங்கே உடைக்கிறது? பறவையைக் கொன்றது கொழுப்பில் சேர்ந்த அளவு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அப்பொருள்களுக்கு வரம்பை நீரில் வைக்காமல் மீனின் தசையில் வைத்துவிடலாம். அளக்கும் இடம்தான் மாறும், அளவே நஞ்சு என்பது மாறாது. மேலும், நீங்கள் எடுத்துக்காட்டிய இரண்டும் எளிதில் உடலைவிட்டு நீங்காதவை. நீரில் கலக்கும் பொருள்களில் பலவற்றை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ சிதைத்து, கரியமில வாயுவும் நீருமாக ஆக்கிவிடுகின்றன. சிலவற்றின் குணத்தை எல்லாவற்றின் மேலும் ஏற்றுவது முறையாகாது.

மீன்தொட்டி:
இருவருக்கும் வணக்கம். நான் வேதியியல் படித்தவன் அல்லன். பல ஆண்டுகளாகத் தொட்டியில் மீன் வளர்ப்பவன். நீரிலேயே தங்காமல் போய்விடும் பொருளைப் பற்றிய பேச்சு வந்ததால், அம்மோனியாவோடு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் தொட்டி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்தை விட்டு ஆட்டினேன். மஞ்சள் நீர் வெளிர் பச்சையாக மாறியது. அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டேன். மீன்கள் அமைதியாக நீந்திக்கொண்டிருந்ததால் கவலைப்படவில்லை. பிற்பகல் நான்கு மணிக்குப் பார்த்தபோது எல்லா மீனும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் விரிந்து சிவந்திருந்தன. பதற்றத்தோடு மறுபடியும் சோதித்தேன். அதே வெளிர் பச்சை.

பிறகுதான் காரணம் விளங்கியது. நீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது: மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனியாகவும், மின்னூட்டமற்ற அம்மோனியாவாகவும். செவுளின் வழியே எளிதில் உள்ளே நுழைந்து கொல்வது பின்னது. 25 பாகை வெப்பத்தில் நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; ஏறினால் காரம்) 7ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான் அந்த வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் ஐந்து பங்குக்கு மேல். வெயில் பட்ட என் தொட்டியில் நீரை அமிலமாக்கும் கரியமில வாயுவைப் பாசி பகல் முழுவதும் உறிஞ்சிக்கொண்டதால் பிஎச் ஏறிவிட்டது. மொத்த அளவு மாறாமலேயே நஞ்சு பத்து மடங்கு ஆயிற்று. நான் செய்த சோதனை காட்டியதோ மொத்தத்தை மட்டும்.

ஆழ்நீர்:
நன்றி, மீன்தொட்டி அவர்களே. நான் பத்து வரியில் விளக்க நினைத்ததை உங்கள் சோதனைக் குழாய் காட்டிவிட்டது. குரோமியத்திலும் இதே கதைதான். மூன்று இணைதிற குரோமியம் உயிரணுவின் சவ்வைக் கடக்கத் திணறும். ஆறு இணைதிறக் குரோமேட்டோ உருவில் சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்காகத் திறந்திருக்கும் வாயில் வழியே உள்ளே போய்விடும். "மொத்தக் குரோமியம் இவ்வளவு" என்று மட்டும் எழுதிய ஆய்வுத்தாள் முக்கியமானதை விட்டுவிடுகிறது.

எந்த உயிர் என்ற கேள்வியும் இருக்கிறது. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோபினாக், அந்த மாடு இறந்தபின் அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. தெற்காசியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தது. காரணம் 2004இல்தான் உறுதியாயிற்று. மாட்டுக்கு மருந்தான அளவே கழுகுக்கு நஞ்சு என்றால், வரம்பை யாருக்காக வைப்பது?

கரைசல்:
வடிவத்தைப் பிரித்து அளக்க வேண்டும் என்பதை மனமார ஏற்கிறேன். என் முதல் பதிவில் அது இல்லாதது குறைதான். ஆனால் பாறு கழுகு தரும் பாடத்தை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். டைக்ளோபினாக்குக்கு மாற்றாக மெலாக்சிகாம் கழுகுகளுக்குக் கேடு செய்வதில்லை என்று சோதித்து அறிந்தபின், 2006இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக்கைத் தடைசெய்தன. வலிநிவாரணிகள் எல்லாவற்றையும் அஞ்சி ஒதுக்கியிருந்தால் மாடுகள் வலியில் துடித்திருக்கும். எந்தப் பொருள், எந்த உயிர், எவ்வளவு என்று அளந்ததால்தான் வழி பிறந்தது. அளக்கும் முன்பே தடுப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.

ஆழ்நீர்:
அளந்து தெரிந்துகொள்ளும்வரை காத்திருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானின் மினமாட்டாவில், தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் சேர்ந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956இல். கரிமப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தது. கரைந்திருக்கும் கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காக அது வடிவமைக்கப்படவேயில்லை. பாதரசத்தை வினையூக்கியாகக் கொண்ட அந்த உற்பத்தி நின்றது 1968இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களுள் பலருடைய தாய்மார்களிடம் நோயின் அறிகுறி மிகக் குறைவாகவே இருந்தது, ஏனெனில் மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடைகிறது. தாய்க்கு வைத்த வரம்பு அந்தக் குழந்தையைக் காத்திருக்காது.

கரைசல்:
மினமாட்டாவில் நடந்ததற்கு நான் நியாயம் கற்பிக்க மாட்டேன்; அளந்து தெரிந்த பின்பும் நிறுத்தாதது அங்கே நடந்த கொடுமை. உங்கள் வாதத்தில் இந்த அளவு ஏற்கிறேன்: உடலிலோ மண்ணிலோ நீண்ட காலம் தங்கும் பொருளாக இருந்தால், அது தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வெளியே விடுபவருடையது, விடுவதற்கு முன்பே. விரைவில் நீங்கும் பொருள்களுக்கு வரம்பும் கண்காணிப்பும் போதும். அரை ஆயுளை, அதாவது பொருளில் பாதி நீங்க ஆகும் காலத்தை, வைத்து அந்தக் கோட்டைக் கிழித்துவிடலாம் அல்லவா?

ஆழ்நீர்:
அரை ஆயுளை மட்டும் வைத்துக் கிழிக்க நான் உடன்பட மாட்டேன். டைக்ளோபினாக் மாட்டின் உடலில் ஒரு வாரம்கூட நிற்பதில்லை.