கல்லூரி மாறிய மகள், வராத தகுதி முடிவு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோரிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

என் மகள் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவு) டென்னிஸ் ஆடுகிறாள். இரண்டு வருடம் ஒரு கல்லூரியில் படித்துவிட்டு இப்போது வேறொன்றுக்கு மாறியிருக்கிறாள். 2024 ஏப்ரலில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, கல்லூரி மாறுவோருக்கான விதியைத் தளர்த்திய பிறகு, எத்தனை முறை மாறினாலும் படிப்புத் தகுதி இருந்தால் உடனே ஆடலாம் என்பதால் கவலையில்லாமல் இருந்தோம். அந்தப் படிப்புத் தகுதியில்தான் சிக்கல். மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் பட்டத்துக்குத் தேவையானதில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், அதாவது 120 கிரெடிட்டில் (பாடங்களுக்கான மதிப்பலகு) 48. அவள் 62 எடுத்திருந்தாள். ஆனால் புதிய கல்லூரி அவளுடைய பட்டப்படிப்புக்கு 41 மட்டுமே கணக்கில் சேர்த்தது. நன்றாகப் படித்த பெண்ணுக்கு இப்படி ஆனதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த 40 சதவீத விதியிலிருந்து விலக்குக் கேட்டு என்சிஏஏவிடம் கல்லூரிதான் மனு போட வேண்டும், போட்டுவிட்டார்கள். ஆறு வாரமாகப் பதில் இல்லை. ஜனவரியில் சீசன். தினமும் பயிற்சி முடிந்து வந்து, "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்கிறாள்.

விடுபட்ட பாடங்களை மறுபரிசீலனை செய்யச் சொல்லித் துறையிடம் கேட்டு யாருக்காவது கிடைத்திருக்கிறதா? பாடத்திட்ட நகல்கள் கொடுத்தால் போதுமா? அப்புறம், மனு நிலுவையில் இருக்கும்போது கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தை (விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் பிரிவு) எத்தனை நாளைக்கு ஒருமுறை கேட்கலாம்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.