சின்ஸ், ஃபார், ஃப்ரம்: இந்த மூன்று வாக்கியங்களில் எங்கே தப்பு?

கேள்வி:
வேலை விண்ணப்பக் கடிதத்தில் இந்த மூன்று வாக்கியங்களும் தப்பு என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கணினியின் பிழைதிருத்தியும் எதற்கும் கோடு போடவில்லை.

1. ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் லாஸ்ட் த்ரீ இயர்ஸ்.
2. ஐ நோ திஸ் சாஃப்ட்வேர் ஃப்ரம் 2019.
3. ஐ ஆம் லேர்னிங் ஜெர்மன் சின்ஸ் ஜனவரி.

இரண்டாவதை 'ஐ ஹேவ் பீன் நோயிங்' என்று மாற்றிப் பார்த்தேன். அதுவும் சரியில்லையாம். எதற்கு எதைப் போடுவது என்று யாராவது விளக்க முடியுமா?

பதில் 1:
இதில் இரண்டு வேறு பிழைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வினையில், மற்றது சின்ஸ், ஃபார், ஃப்ரம் தேர்வில். ஒன்றை மட்டும் திருத்தினால் வாக்கியம் தப்பாகவே நிற்கும்.

வினையை முதலில் பார்ப்போம். 'மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்று தமிழில் சொல்லும்போது வினை நிகழ்காலத்தில்தான் இருக்கிறது. முன்பே தொடங்கிய வேலை என்பதை 'வருடமாக' என்பதில் உள்ள 'ஆக' சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதை வினையும் சேர்ந்து காட்டியாக வேண்டும். எப்போதோ தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு 'ஹேவ் பீன்' போட்டு, பின்னால் 'இங்' வடிவம் வரும்: ஐ ஹேவ் பீன் வொர்க்கிங், ஐ ஹேவ் பீன் லேர்னிங். எழுவாய் ஹி, ஷி, இட் என்றால் ஹேஸ் பீன்.

உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் வினை மட்டும்தான் தப்பு. 'சின்ஸ் ஜனவரி' சரியே. 'ஐ ஹேவ் பீன் லேர்னிங் ஜெர்மன் சின்ஸ் ஜனவரி' என்றால் முடிந்தது.

'பீன் நோயிங்' ஏன் நிற்கவில்லை? நோ என்பது செயல் இல்லை, நிலை. நோ, ஓன், பிலாங், அண்டர்ஸ்டாண்ட் போன்றவை பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. அவற்றுக்கு ஹேவ் போட்டு வினையின் மூன்றாம் வடிவத்தை வைக்க வேண்டும்: ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ். உடைமையைச் சொல்லும் ஹேவும் அப்படியே: ஐ ஹேவ் ஹேட் திஸ் ஃபோன் சின்ஸ் ஜூன். இரண்டு ஹேவ் அடுத்தடுத்து வருகிறதே என்று பயப்பட வேண்டாம், இரண்டும் தேவை.

பதில் 2:
சின்ஸா ஃபாரா என்று தீர்மானிக்க உங்கள் தமிழ்க் காதையே நம்பலாம். அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். காலச்சொல் 'ஆக' என்று முடிந்தால் ஃபார். 'இலிருந்து' என்று முடிந்தால் சின்ஸ்.

இரண்டு நாளாக: ஃபார் டூ டேஸ். ரொம்ப நேரமாக: ஃபார் எ லாங் டைம். நேற்றிலிருந்து: சின்ஸ் யெஸ்டர்டே. சின்ன வயதிலிருந்து: சின்ஸ் சைல்ட்ஹுட்.

ஃபார் கேட்பது அளவை, சின்ஸ் கேட்பது தொடங்கிய புள்ளியை. 'மூன்று வருடத்திலிருந்து வேலை செய்கிறேன்' என்று தமிழில் சொன்னாலே இடறுகிறது. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' ஆங்கிலக் காதில் இடறுவதும் அப்படித்தான்.

இதில் லாஸ்ட் என்ற சொல்தான் பலரை ஏமாற்றுகிறது. 'சின்ஸ் லாஸ்ட் வீக்' சரி, ஏனென்றால் போன வாரம் ஒரு புள்ளி. 'லாஸ்ட் த்ரீ இயர்ஸ்' என்று எண் சேர்ந்ததும் அது அளவாகிவிடுகிறது. அப்போது 'ஃபார் த லாஸ்ட் த்ரீ இயர்ஸ்'. அந்த 'த'வை விடக்கூடாது.

பதில் 3:
மேலே சொன்ன சோதனை நல்லது, ஆனால் ஓர் இடத்தில் வழுக்கும். தமிழ் 'இலிருந்து' சின்ஸுக்கும் வரும், ஃப்ரமுக்கும் வரும். இரண்டாவது வாக்கியத்தில் ஃப்ரம் நுழைந்தது அதனால்தான். தொடக்கம் கடந்த காலத்தில் இருந்து, விஷயம் இன்றும் தொடர்ந்தால் சின்ஸ். நாளையிலிருந்து, திங்கள் முதல் என்று இனிமேல் தொடங்குவது என்றால் ஃப்ரம்தான்; அங்கே சின்ஸ் வரவே வராது. இரண்டு முனையும் தெரிந்தாலும் ஃப்ரம்: ஐ வொர்க்ட் தேர் ஃப்ரம் 2015 டு 2019. முடிந்துபோனதால் வினை சாதாரண இறந்தகாலம்.

விண்ணப்பக் கடிதம் என்பதால் இதையும் சொல்கிறேன். 'ஐ ஹேவ் நோன் திஸ் சாஃப்ட்வேர்' இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் வலுவில்லை. 'ஐ ஹேவ் பீன் யூஸிங் திஸ் சாஃப்ட்வேர் சின்ஸ் 2019' என்று எழுதினால் கைப்பழக்கம் உண்டு என்பது தெரியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 'ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' எப்போதும் தப்புதானா? பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பதில் 1:
தப்பில்லை, பொருள் வேறு. 'இரண்டு வாரம் தங்கப்போகிறேன்' என்று மொத்தத் திட்டத்தைச் சொல்கிறது அது. வந்து இரண்டு வாரம் ஆகிறது என்றால் 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்'. கேள்வியிலும் இதே வித்தியாசம் உண்டு. 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்' என்று கேட்டால் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்கிறார்கள். 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்' என்றால் வந்து எத்தனை நாளாகிறது என்று. ஒன்றுக்கு மற்றதன் பதிலைச் சொன்னால் எதிரில் இருப்பவர் உங்கள் பயணத் திட்டத்தையே தவறாகப் புரிந்துகொள்வார்.

பேச்சில் 'ஐ ஹேவ் பீன்' சுருங்கி 'ஐவ் பின்' என்றுதான் காதில் விழும். அந்த 'வ்' கேட்காமல் போவதும் சகஜம். கேட்கவில்லை என்பதற்காக எழுத்தில் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
திருத்தி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த லாஸ்ட் த்ரீ இயர்ஸ். ஐ ஹேவ் பீன் யூஸிங் திஸ் சாஃப்ட்வேர் சின்ஸ் 2019. ஐ ஹேவ் லெஃப்ட் மை ப்ரீவியஸ் ஜாப் இன் 2021. ஐ ஹேவ் பீன் லேர்னிங் ஜெர்மன் சின்ஸ் ஜனவரி.

பதில் 3:
மூன்று சரி. புதிதாகச் சேர்த்த வாக்கியத்தில் மட்டும் ஹேவ் கூடாது. 'இன் 2021' என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டீர்கள். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2021 என்று எப்போது நடந்தது என்பதைச் சொன்னால் வினை சாதாரண இறந்தகாலம்: ஐ லெஃப்ட் மை ப்ரீவியஸ் ஜாப் இன் 2021. ஆண்டைச் சொல்லாமல் விட்டால்தான் 'ஐ ஹேவ் லெஃப்ட்' வரலாம். கடிதத்தில் ஆண்டு இருப்பதே நல்லது, அதனால் ஹேவை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.